குடும்பப் பெயர்

ரெண்டாவது கியர் விழுந்துட்டு, இனி அதையே குனிஞ்சு பாத்துக்கிட்டு இருக்காதீங்க ஹெலன் மேடம், ரோட்டைப் பாருங்கன்னு என் வாய் அதுபாட்டுக்குச் சொல்லுது. டிரைவிங் ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்ல இருந்து இதே இடது பக்கத்து சீட்டுல உக்காந்து இதையேதான் சொல்லிக்கிட்டு வாரேன், வாய்க்கு நான் தேவையே இல்ல. காலுதான் முழிச்சுக்கிட்டு இருக்கணும். இந்த வண்டியில எனக்குன்னு தனியா ஒரு பிரேக்கும் கிளச்சும் உண்டு. ஆபத்துன்னா மட்டும் மிதிக்கணும், மத்த நேரம் கால் அது பக்கத்துல நிக்கணும், மேல படக்கூடாது, பட்டா ஓட்டுறவங்களுக்கு வண்டி எந்தக் காலத்துலயும் பிடிபடாது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு ஆட்டோக்காரன் இண்டிகேட்டர் போடாம குறுக்க வாரான், வரட்டும், மேடம் தானாவே வேகத்தைக் குறைக்காங்க, பரவால்ல. ட்ரெஷரி ஆபீஸ்ல பெரிய அதிகாரியவே ஒரு பார்வையில உக்கார வைக்கிற மனுசி, ஸ்டியரிங்கைப் பிடிச்சா மட்டும் கை வேர்க்குதுங்காங்க, இதுக்குன்னே இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்திருக்காங்க. லண்டனுக்கே சரின்னு சொல்லிருதேன். அப்படித்தான் சொன்னா காலைல, என் பொண்டாட்டி காந்திமதி. மகள் தாமரைக்குத் தலை பின்னிக்கிட்டே, என் மொகத்தைப் பாக்காம, சட்னிக்கு உப்புப் போட்டுருதேன்ங்கிற மாதிரி லேசா. நானும் தோசையை வாயில வச்சுக்கிட்டு நல்லதும்மா, லண்டன்னா லண்டன்தான்னேன். பின்னிப் பாத்தா சடை கோணிக்கிட்டு நிக்குது. அவ கையில கோணல் சடைய நான் பாத்ததே இல்ல. அவளும் பாத்துட்டா, பிரிச்சு மறுபடி பின்னினா. மத்தியானம் சாப்பாட்டு மணி அடிச்சதும் காலேஜ்ல இருந்தே லண்டனுக்கு மெயில் அனுப்பிருவா. அனுப்பிட்டா அபர்தீன் போச்சு. போனாப் போகுதுன்னுதானே ஒரு மாசமா நினைச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப எதுக்கு அந்தச் சடை கண்ணுக்குள்ளயே நிக்குது.

சவத்த, எங்க சுத்தினாலும் அங்கதான் வந்து நிக்குது. விசயம் என்னமோ ரெண்டு வரிதான். பிரிட்டன்ல ரெண்டு யுனிவர்சிட்டி அவளைக் கூப்பிட்டிருக்கு, ரெண்டு எடத்துலயும் ஸ்காலர்ஷிப், அதனால பணத்தைப் பத்தின பேச்சே இல்ல. லண்டன்ல ஒரு வருசப் படிப்பு, வகுப்புல உக்காந்து படிக்கிறது. அதுக்குப் போறவங்க புருசன் பிள்ளையக் கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு அந்த நாட்டுச் சட்டம். அபர்தீன்ல ஆராய்ச்சி, டாக்டர் பட்டம், மூணு வருசத்துக்கு மேல. அதுக்குப் போனா குடும்பத்தைக் கூட்டிக்கிடலாம். மூணு வருசம் தாமரைய விட்டுட்டு இருக்க என்னால ஆகாதுன்னு அவ மொதல்லயே சொல்லிட்டா. அப்ப, நான் ஸ்கூலைத் தம்பி கையில கொடுத்துட்டுக் கூடப் போனா அபர்தீன், போகலைன்னா லண்டன். இம்புட்டுதான். வாரீங்களான்னு அவ வாயைத் தொறந்து ஒரு தடவை கேக்கல. கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன், அதுல ஒரு சண்டை வந்திருக்கும், சண்டையில எல்லாம் கொட்டியிருக்கும். அவ கேக்கலயே. நான்தான் பெருந்தன்மையா, லண்டன்னா ஒரே வருசம், கண்ணை மூடித் தொறக்குமுன்ன வந்துருவ, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்னு ஊரெல்லாம் கேக்கச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் மச்சினன்கூட, அத்தானுக்கு என்ன மனசு பாருன்னான். எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிந்துதான் போச்சு. சமாதானபுரம் வளைவு வருது மேடம், கண்ணாடியப் பாத்துட்டுத் திருப்புங்க, பாக்காம திருப்பினா பின்னால பைக்குக்காரன் நம்மளத் திட்டுவான். திருப்பிட்டாங்க. நல்லாத்தான் திருப்பினாங்க.

அவ இந்த எடத்துக்கு வந்ததை நினைச்சா எனக்கு இப்பவும் மயிர் சிலிர்க்கு. படிச்சது விலங்கியல், வேலை கெஸ்ட் லெக்சரர், வருசா வருசம் வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியாத வேலை. அவளுக்குப் பிடிச்சது ஆத்து மட்டி. மட்டின்னா, ஓடு ரெண்டையும் மூடிக்கிட்டு மணலுக்குள்ள கிடக்குமே, அது. அதைப் போயி ஒரு பொம்பள ஆசைப்படுவாளான்னு கல்யாணமான புதுசுல நினைச்சிருக்கேன். லீவு நாள்ல என்னையக் கூட்டிட்டுக் குறுக்குத்துறைக்குப் போவா, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு ஆத்துல இறங்கி, காலால மணலைத் தடவித் தடவிப் பாப்பா. கண்ணால தேடக்கூடாதாம், பாதத்துக்குத்தான் தெரியுமாம். துவைக்க வந்தவங்க, என்னம்மா தொலைச்சேன்னு கேப்பாங்க. இன்னும் தொலைக்கல, தொலைஞ்சிரக் கூடாதுன்னுதான் தேடுதேன்னு சொல்லுவா. அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, எனக்கும் புரியாது, ஆனா அவ சொன்ன விதத்துல நாங்க எல்லாரும் கொஞ்ச நேரம் தண்ணியையே பாத்துக்கிட்டு நிப்போம். அப்படித் தடவித் தடவி அவ எழுதின சின்னக் கட்டுரை ஒண்ணு எங்கயோ வெளிவந்து, அதை வச்சுத்தான் வெளிநாட்டுல படிக்கணும்னு கிளம்பினா. ஜங்ஷன்ல ஒரு ஏஜென்ட் ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போனேன். டை கட்டின பையன், கம்ப்யூட்டரைத் திருப்பித் திருப்பி ஊரு ஊரா காட்டுதான், இது ரேங்க்ல மேல, இது வேலைக்கு நல்லது, இங்க நம்ம ஆளுங்க ஜாஸ்தின்னு. இவ ஒவ்வொண்ணுக்கும் ஒரே கேள்வி கேக்கா: அந்த ஊருல ஆறு இருக்கா? அவன் முழிக்கான். பஸ் ஸ்டாண்டு பக்கம்தான் மேடம்னு எதையோ உளறுதான். எனக்குச் சிரிப்பு தாங்கல. ரீடிங்குன்னு ஒரு ஊரைக் காட்டினப்ப, படிக்கப் போறதே ரீடிங்குதானே, அதுக்கு அந்தப் பேருல ஊரு வேறயான்னு நானும் ஒரு போடு போட்டேன். அது ரெடிங், ஏங்க, சும்மா இருங்கன்னு முழங்கையால இடிச்சா. அப்புறம் ஏஜென்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னு, ஒரு கையில சாம்பாரைக் கிண்டிக்கிட்டு ஒரு கையில போனைப் பிடிச்சு, எந்த ஆத்துல யாரு என்ன ஆராய்ச்சி பண்ணுதாங்கன்னு அவளே தேடினா. இங்கிலீஷ் பரீட்சைக்கு அவ படிச்சதுல தாமரையே ரெண்டு வாக்கியம் ஒப்பிப்பா. சொந்தத்துல கேலி பண்ணாத ஆளு கிடையாது, மட்டி டாக்டர்னே கூப்பிட்டாங்க. அவ சிரிச்சுக்கிட்டே காப்பி கொடுத்தா. எனக்குன்னா கையில இருக்கிற டம்ளரை அவனுவ தலையில கவுத்தத் தோணும்.

முருகன்குறிச்சி சிக்னல். நிப்பாட்டுங்க, கோட்டுக்கு இந்தப் பக்கம், அவ்வளவுதான், நியூட்ரலுக்கு வாங்க. மேடம் பெருமூச்சு விட்டுட்டு நெத்தியத் துடைக்காங்க. சுடலைமணி சார், இன்னைக்குப் பரவால்லயா நான்னு கேக்காங்க. நல்லா ஓட்டுதீங்க மேடம். சுடலைமணி. இந்தப் பேரு இருக்கே. இதை நான் பள்ளிக்கூடத்துல எத்தனை தடவை மாத்தணும்னு அழுதிருப்பேன். சுடுகாட்டுச் சாமி பேருல்லா, ஒருத்தன் சுடலைம்பான், ஒருத்தன் சாம்பல்ம்பான், ஒருத்தன் எரிச்சாச்சாலேம்பான். நம்ம ஊருல குடும்பப் பேருன்னு ஒண்ணு ஏது, அப்பன் பேரோ புருசன் பேரோ ஒத்தை எழுத்தா முன்னால நிக்கும், அதோட சரி. ஆனா பாஸ்போர்ட்டுல அதுக்குன்னு ஒரு கட்டம் வச்சிருக்கானுவ, காலியா விட்டா வெளிநாட்டுல கஷ்டம்னு யாரோ சொன்னாங்க, கல்யாணத்துக்கு அப்புறம் எடுத்த பாஸ்போர்ட்டு, அவ என் பேரைப் போட்டுட்டா. பேரு காந்திமதி, குடும்பப் பேரு சுடலைமணி. சரி, அதனால என்னன்னு இருந்தாச்சு. அப்புறம் ஒரு நாள் லண்டன்ல இருந்து வந்த மெயிலை அவ என்கிட்ட நீட்டினா. டியர் மிஸ் சுடலைமணி, உங்களைத் தேர்ந்தெடுத்ததுல எங்களுக்கு ரொம்ப மகிழ்ச்சின்னு இருக்கு. ஒரு நிமிசம், ஒரே ஒரு நிமிசம், எனக்குத்தான் சீட்டுக் கெடச்சிட்டோன்னு ஆயிட்டு. அவ்வளவு பெரிய எடம், எத்தனையோ மந்திரிமாரு படிச்ச ஊரு, என் பேரை முழுசா, ஒரு எழுத்து விடாம, மரியாதையா எழுதியிருக்கான். சாம்பல்னு கூப்பிட்டவனுவளத் தேடிப் போயிக் காட்டணும் போல இருந்துச்சு. அன்னைக்கு அல்வா வாங்கிட்டு வந்தேன். அவ நெனச்சா நான் அவளுக்காகத்தான் வாங்கினேன்னு. அவளுக்காகவும்தான்.

பச்சை விழுந்துட்டு, போங்க. அபர்தீன்காரங்க பேட்டி எடுத்தது வேற கதை. வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல, நல்ல சேலையக் கட்டிக்கிட்டு மேசை முன்னால உக்காந்திருந்தா. நான் அடுப்படியில தாமரைக்கு ஊட்டிக்கிட்டு இருந்தேன், சத்தமே வரக்கூடாதுன்னு உத்தரவு. திடீர்னு உள்ள இருந்து ஒரு பொம்பளக் குரல், சூடலேமேனின்னு இழுத்துக் கூப்பிடுது. எனக்கு என்ன தோணிச்சோ, என்னன்னு கேட்டுக்கிட்டு, இடுப்புல துண்டு, கையில பருப்புச் சோறு, நேரா போயி கேமரா முன்னால நின்னுட்டேன். மானம் போச்சு. காந்திமதி திரும்பி என்னையப் பாத்த பார்வை இருக்கே. ஆனா அவ பதறல. அந்தப் பக்கம் இருந்த அம்மாகிட்ட இங்கிலீஷ்ல சொன்னா, அது இவர் பேரு, நான் இரவல் வாங்கியிருக்கேன், கூப்பிட்டா இவர்தான் வருவார்னு. அந்தம்மா பேரு மொராக், மழைக்கோட்டு மாட்டியிருந்துச்சு, வீட்டுக்குள்ளயே ஏன் மழைக்கோட்டோ. விழுந்து விழுந்து சிரிச்சுது. சிரிச்சுட்டு, அப்ப உன் பேரு என்னன்னு கேட்டுச்சு. காந்திமதி. அந்தம்மா சொல்லிப் பாத்துச்சு, கேன்ட்டிமட்டின்னு வந்துது. இல்லன்னு தலையாட்டிட்டு மறுபடி சொல்லிச்சு. வாய் சரியா வளையுற மட்டும் விடவே இல்ல, பேட்டி பாட்டுக்கு நிக்குது, நாங்க ரெண்டு பேரும் பாத்துக்கிட்டு நிக்கோம், சோறு கையில காயுது. கடைசியில காந்திமதின்னு சரியா வந்துட்டு. காந்திமதி அப்ப சிரிச்ச சிரிப்பை நான் நல்லாப் பாத்தேன். கல்யாணத்துல, தாமரை பொறந்தப்ப, எல்லாம் சிரிச்சிருக்கா, அது வேற. இது அவ அவளுக்காகச் சிரிச்சது. அதுக்கு அப்புறம் அங்க இருந்து வந்த மெயில் எல்லாம் டியர் காந்திமதிதான். என் பேரு எந்த மூலையிலயும் கிடையாது. எனக்கு அபர்தீன் பிடிக்காமப் போனது அன்னைல இருந்துதான்னு நினைக்கேன். பொறு, என்ன சொன்னேன் நான் இப்ப.

வண்ணார்பேட்டை தாண்டி ஆத்துப்பாலம் ஏறுது. இடது பக்கம் தாமிரபரணி, தண்ணி கொஞ்சம் கலங்கலா, பாறையில ரெண்டு கொக்கு. மேடம் ஆத்தைப் பாக்காதீங்க, நான் பாத்துக்கிடுதேன், நீங்க லாரியப் பாருங்க. அப்ப லண்டன் நல்லதுன்னு நான் சொன்னது அவ நல்லதுக்கா, இல்ல, அந்த ஊரு என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டதுக்கா? அட கூறுகெட்டவனே. அது ஒண்ணு மட்டும் இல்ல, இன்னொரு வார்த்தையும் இருக்கு, டிபெண்டன்ட். அபர்தீன் போனா விசாவுல எனக்கு அதுதான் பேரு, அவளைச் சார்ந்து வாழுறவன். தாமரையும் டிபெண்டன்ட், நானும் டிபெண்டன்ட், ஒரே வரிசையில. அதைப் படிச்ச அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. அவ என்னைய ஆறுதலாப் பாத்துக்கிட்டு, இன்சூரன்ஸ் கார்டுல நான் உங்க டிபெண்டன்ட்டுதானே, என்னைக்காவது சாப்பிடாம இருந்தேனான்னு மட்டும் கேட்டா. தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுக் கை கழுவிட்டேன். அவ முன்னயே ஒண்ணு சொல்லியிருக்கா, இதே பாலத்துல பைக்ல போறப்ப, காத்துல பாதி கேட்டும் கேக்காமலும். மட்டிக்கு நடக்கத் தெரியாதுங்க, ஆனா ஆத்துல மேல மேல ஏறிப் போகுது, எப்படித் தெரியுமா? அதோட குஞ்சு, கண்ணுக்கே தெரியாது, மீனோட செவுள்ல போயி ஒட்டிக்கிடும், மீன் எங்க போகுதோ அங்க போகும், நல்ல மணலாப் பாத்து இறங்கிக்கிடும். மீனுக்கு வலிக்காதான்னு கேட்டேன். அதுக்குப் பெருசா ஒண்ணும் தெரியாதுன்னா. அபர்தீனுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு ஆறாம், ஒண்ணுக்கு டான்னு பேரு, ஒண்ணுக்கு டீன்னு பேரு, டீன்னா, ஏட்டி, குடிக்கிற டீயான்னு நான் கேட்டதுக்கு அவ சிரிச்சா. அந்த டீ ஆத்துல நூறு வருசத்துக்கு மேல உசுரோட இருக்கிற மட்டி உண்டாம், முத்து வைக்கிற ஜாதி, உலகத்துலயே இனி கொஞ்சம் எடத்துலதான் மிச்சம். அதைச் சொல்லும்போது அவ குரலே மாறிப்போச்சு. அந்த மட்டிய அங்க எப்படிக் காப்பாத்துதாங்கன்னு படிச்சுட்டு வந்தா நம்ம ஆத்துக்கு ஆகும்னு சொன்னா. லண்டனைப் பத்தி அவ அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல. நான்தான் சொன்னேன், எல்லா வார்த்தையும்.

பயம் எனக்கு. சொல்லிட்டாப் போச்சு, பயம்தான். அங்க குளிர்காலத்துல மத்தியானமே இருட்டிரும்னாங்க. தெரியாத ஊரு, தெரியாத பாஷை, எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷு கிளச்சு, பிரேக்கு, ஆக்ஸிலேட்டரு, ரிவர்ஸு. இங்க நான் ரோட்டுல போனா நாலு பேரு மாஸ்டர்னு கையெடுக்கான், இந்தப் பாளையங்கோட்டையில கார் வச்சிருக்கிறவன்ல பாதிப் பேரு என்கிட்டத் திட்டு வாங்கினவன். அங்க நான் யாரு? காலைல அவளையும் பிள்ளையையும் அனுப்பிட்டு, ஜன்னல்ல நின்னு மழையப் பாத்துக்கிட்டு, சாயங்காலம் அந்த மொராக் அம்மா வந்தா, இவர்தான் காந்திமதியோட ஹஸ்பெண்டுன்னு... சரி, அப்படிச் சொன்னாத்தான் என்ன, என்ன குறைஞ்சு போச்சு, நிசம்தானே. பத்து வருசமா அவ மிஸஸ் சுடலைமணிதான், பால்காரன்ல இருந்து பேங்க் வரைக்கும், ஒரு நாள் மொகம் சுளிச்சிருப்பாளா? கூப்பிட்டா நான்தான் ஓடி வந்தேன், அவ பேரைச் சொல்லி ஒரு ஆளு கூப்பிடணும்னா கடல் தாண்டி ஒரு கிழவி வர வேண்டியிருந்துச்சு. வேலை பாக்கலாமாம், டிபெண்டன்ட்டுக்கும். நம்ம லைசென்ஸ் ஒரு வருசம் அங்க செல்லுமாம். இதையெல்லாம் யாருக்கும் தெரியாம நான் போன்ல பாத்து வச்சிருக்கேன், என்னத்துக்குப் பாத்தேன்? போகாதவன் எதுக்குப் பாக்கணும்? ஜங்ஷன் நெரிசல் தாண்டிட்டாங்க மேடம், கெட்டிக்காரத்தனமாத்தான் தாண்டினாங்க. இனி ஈரடுக்குப் பாலம், ஏத்தம், இதுதான் இன்னைக்குப் பாடம். முன்னால பஸ் நின்னா நீங்களும் ஏத்தத்துல நிப்பாட்டி, பாதிக் கிளச்சுல, பின்னால உருளாம எடுக்கணும். எடுத்துருவீங்க. அவ இந்நேரம் லேப்ல தொட்டிக்குத் தண்ணி மாத்திக்கிட்டு இருப்பா. மெயிலை டைப் பண்ணி வச்சிருப்பா, எதையும் கடைசி நேரத்துல செய்யுற பழக்கம் கிடையாது. அந்தச் சடையைப் பிரிச்சு மறுபடி பின்னின மாதிரி, நேரா, ஒரு பிழை இல்லாம.

பஸ் நின்னுட்டு. பாலத்துல நடு ஏத்தம். மேடமும் நிப்பாட்டிட்டாங்க. பஸ் கிளம்புது, போங்க மேடம், கிளச்சை மெதுவா விடுங்க, வண்டி துடிக்கும், அப்ப ஆக்ஸிலேட்டர் கொடுங்க. வண்டி துடிக்குது, உறுமுது, அணைஞ்சு போச்சு. பரவால்ல, மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. ஸ்டார்ட் ஆச்சு, உறுமுச்சு, மறுபடி அணைஞ்சு போச்சு. பின்னால ஹாரன் மேல ஹாரன், ஒருத்தன் ஜன்னல் வழியா எட்டிப் பாத்து, பழகுறதுக்கு வேற எடம் கிடைக்கலயாங்கான். ஹெலன் மேடம் கழுத்தெல்லாம் வேர்த்து ஊத்துது. ஸ்டியரிங்கை விட்டுட்டு என்னையத் திரும்பிப் பாத்தாங்க, கண்ணு கலங்கிப் போச்சு.

"நீங்க சொன்ன மாதிரிதானே சார் எல்லாம் செய்யுதேன். நான் என்ன தப்பு பண்ணுதேன்?"

என்ன தப்புன்னு பாக்க அவங்க காலைப் பாத்தேன், கிளச் சரி, ஆக்ஸிலேட்டர் சரி. அப்புறம் என் காலைப் பாத்தேன். என் பிரேக்கு மேல இருக்கு. லேசாக் கூட இல்ல, முழுசா, அழுத்தி, கெண்டைக்கால் வலிக்கிற அளவுக்கு. எப்ப வச்சேன்னு தெரியல. இத்தனை வருசத்துல நான் செய்யாத காரியம். பாவம், வண்டிய ஏத்த அவங்க என்னவெல்லாமோ செய்யுதாங்க, சொன்னதெல்லாம் செய்யுதாங்க, தப்பு தன்கிட்டதான்னு நினைச்சுக்கிட்டு அழப் போறாங்க. சடையைப் பிரிச்சுப் பின்னினாளே, அவ, ஒரு மாசமா ஒரு கேள்வி கேக்காம.

"தப்பு உங்க மேல இல்ல மேடம். நான் பிரேக்கை மிதிச்சுக்கிட்டு இருக்கேன்."

நான் பயந்துட்டேன்னுதான் நீங்க மிதிச்சிருப்பீங்க சார்னு எனக்காக அவங்களே காரணம் சொல்லுதாங்க. இல்ல மேடம், பயந்தது நான்தான்னேன். அவங்களுக்கு ஒண்ணும் விளங்கல. காலை எடுத்துட்டேன். எடுத்து சீட்டுக்கு அடியில மடக்கி வச்சுக்கிட்டேன், அது எங்க ஸ்கூல்ல கூடாது, நான்தான் அந்தச் சட்டத்தைப் போட்டவன். இப்ப ஸ்டார்ட் பண்ணி எடுங்கன்னேன். வண்டி ஒரு துடி துடிச்சுது, ஒரு அங்குலம் பின்னால உருளல, ஏறிட்டு. மேடம் வாயைத் தொறந்தபடியே ஓட்டுதாங்க. பாலத்து உச்சியில வெயில் நேரா மொகத்துல அடிக்குது, கீழ ரெண்டு பக்கமும் டவுன் விரிஞ்சு கெடக்கு. இறக்கத்துல அவங்களே பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறக்கினாங்க, நான் ஒரு வார்த்தை சொல்லல. டவுன் ஆர்ச்சு தாண்டி நிழலாப் பாத்து ஓரங்கட்டச் சொன்னேன். மணியப் பாக்க பயமா இருந்துச்சு, பாக்காமலே போனை எடுத்தேன். ரிங் போகுது, போகுது, எடுக்க மாட்டேங்கா. அனுப்பிட்டாளோ. அனுப்பியிருந்தா மறுபடி எழுதிக் கேக்கலாம், கேட்டா விடுவானுவளா, மொராக் அம்மாகிட்ட நானே பேசுதேன், என்ன பேசுவேன், கிளச்சு பிரேக்குன்னா.

எடுத்துட்டா. பின்னால தொட்டியில தண்ணி விழுற சத்தம். என்னங்க இந்நேரத்துல, தாமரைக்கு ஒண்ணுமில்லையேன்னு கேட்டா. அதெல்லாம் இல்ல, மெயில் அனுப்பிட்டியான்னேன். டைப் பண்ணி வச்சிருக்கேன், கை ஈரமா இருக்கு, துடைச்சுட்டு அனுப்பணும்னா.

"அதை அழிச்சிரு. அபர்தீனுக்குப் போடு. நானும் பிள்ளையும் வாரோம்."

குழாயை மூடினா போல, தண்ணிச் சத்தம் நின்னுட்டு. மூக்கை உறிஞ்சுற சத்தம் கேட்டுச்சு. பக்கத்துல ஹெலன் மேடம் இருக்காங்களேன்னு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன். அங்க வந்து நீங்க என்ன செய்வீங்கன்னு கேட்டா. அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டுதானுவளாம், ஸ்டியரிங்கும் இங்க மாதிரியே வலது பக்கம்தான், பழக்கம் மாத்த வேண்டியதில்லன்னேன். அழுதுக்கிட்டே சிரிச்சா. இதையெல்லாம் எப்பப் பாத்தீங்கன்னா. அது கெடக்கட்டும்னேன். உங்களுக்குப் பாஸ்போர்ட்டே இல்லையேன்னா. ஆமா, எடுக்கணும், நாளைக்கே போறேன். அப்பத்தான் அந்தக் கட்டம் ஞாபகத்துக்கு வந்துது. குடும்பப் பேருன்னு கேப்பானே, அதுல என்ன போடன்னு கேட்டேன். உங்க அப்பா பேரைத்தான் போடணும்னா.

"ஒம் பேரைப் போட்டா ஒத்துக்கிடுவாங்களா?"

அவளுக்கு முதல்ல காதுல சரியா விழலன்னு நினைக்கேன். ஒத்துக்கிட மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும், எந்த ஆபீஸ்ல ஒத்துக்கிடுவான், சிரிப்பான். ஆனா வாய்ல அது எப்படி வருதுன்னு பாக்கணும் போல இருந்துச்சு, அந்த மொராக் அம்மா பாத்த மாதிரி. கூச்சமாத்தான் இருந்துச்சு, மேடம் வேற என்னையவே பாத்துக்கிட்டு இருக்காங்க. தொண்டையச் செருமிக்கிட்டுச் சொன்னேன்.

"சுடலைமணி காந்திமதி."

"என்ன?"ன்னா அவ, யாரோ கூப்பிட்டு ஓடி வந்தவ மாதிரி.